டாக்டரிடமும் ‘பரவாயில்லைங்க’ என்ற அக்கா

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம்.

முன்பக்கத்தில் இருக்கும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அச்சகத்தில் இருந்தவர்கூட, “நல்லாப் பூரிப்பா இருக்காங்க” என்றார். அது பூரிப்பு இல்லை. மூச்சுத் திணறலுக்காக வருடக்கணக்கில் விழுங்கிய மாத்திரையால் வந்த முக வீக்கம். வேறு படம் போடலாம் என்று தேடினேன். எல்லாப் படத்திலும் அதே முகம்தான் இருந்தது. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வருடம் துக்கத்துக்கு வந்தவர்களில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே பேச்சைத்தான் பேசினீர்கள். “ஒரு நாளாச்சும் முடியலைன்னு அவீங்க வாயில வந்ததில்லீங்க.” மனதாரப் புகழ்ந்தீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கேட்கக் கேட்க எனக்குச் சலிப்பாக இருந்தது. ஓடிப்போய் ஓர் அறையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று இருந்தது. அக்காவின் நெஞ்சு அவ்வளவு கெட்டுப்போனதற்குப் பாதிக் காரணம் அந்தப் பேச்சு அவர் வாயில் வராததுதான். இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டதே அதைச் சொல்வதற்காகத்தான்.

அக்கா காரமடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். வாழைக்குத் தண்ணீர் கட்டுவார்கள், கறிவேப்பிலை பறிப்பார்கள். எங்கள் வீட்டில் அக்காவும் நானும் இரண்டே பெண்கள். அம்மா விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவதால் என்னைக் குளிப்பாட்டித் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பியது அக்காதான். சீவும்போது என் தலைக்கு மேலே அவருடைய நெஞ்சில் விசில் அடிப்பது கேட்கும். எல்லா அக்காக்களுக்கும் அப்படித்தான் சத்தம் வரும் என்று நான் நினைத்திருந்தேன்.

வீட்டில் அதை இளைப்பு என்றார்கள். பனிக்காலத்தில் கற்பூரவல்லிச் சாறு கொடுத்தார்கள், நெஞ்சில் தைலம் தேய்த்தார்கள். ரொம்ப முடியாமல் போனால் கிளினிக்கில் ஓர் ஊசி. ஊசி போட்டால் சில நாள் நன்றாக இருப்பார். வயசுக்கு வந்தால் சரியாகிவிடும் என்றார்கள், அப்புறம் கல்யாணம் ஆனால், அப்புறம் ஒரு குழந்தை பிறந்தால் என்றார்கள். சரியாகப்போகும் நாள் இப்படித் தள்ளிக்கொண்டே போயிற்று. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னார்கள்.

கோவையில் லேத் பட்டறையில் வேலை பார்த்த மாமாவுக்கு அக்காவைக் கொடுத்தார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டுப் பக்கம் குடித்தனம். மகள் சுகன்யா பிறந்து நடக்கத் தொடங்கியதும் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் வேலை கிடைத்தது. அப்போதெல்லாம் விறகு அடுப்பு. அண்டாவில் சாம்பார் கொதிக்க, மிளகாய் தாளிக்கிற நெடி கூரை வரை எழும்பும். அக்கா வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு திரும்பியதும் மறுபடி உள்ளே போவார். “முடியலைன்னா லீவு எடுத்துக்குங்கம்மா” என்று தலைமை ஆசிரியர் பல முறை சொல்லியிருக்கிறார். “பரவாயில்லைங்க சார்” என்பதுதான் பதில். பிறகு கேஸ் அடுப்பு வந்தது. அதற்குள் விறகுப் புகை தன் வேலையை முடித்திருந்தது.

எனக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவுக்கே வந்தேன். துணிக்கடையில் பில் போடும் வேலை. அன்றிலிருந்து அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பாயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தே என் பாதி வயது கழிந்தது என்று சொன்னால் மிகையில்லை. அங்கே விற்கிற டீயின் ருசியை வைத்தே எந்த ஆஸ்பத்திரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன்.

கடைசியில் ஒரு நெஞ்சு நோய் டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தோம். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். பொறுமையான மனுஷி. அக்காவுக்கு இழுக்கிற மருந்து எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு முறையும், “எப்படி இருக்கீங்கம்மா?” என்று கேட்பார். அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “உங்க புண்ணியத்துல பரவாயில்லைங்க” என்பார். டாக்டரம்மாவும் நம்பி, அதே மருந்தை எழுதிக் கொடுத்து அனுப்புவார். வெளியே வந்து படி இறங்குவதற்குள் அக்கா மூன்று இடத்தில் நிற்பார்.

நம் ஊர்ப் பக்கம் ஒருவர் மனம் நோகும்படி பேசுவதில்லை. பந்தியில் சோறு வேகாமல் இருந்தாலும், “நல்லா இருந்துச்சுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவுகிறோம். அக்கா அந்த மரியாதையை டாக்டரிடமும் காட்டினார். மருந்து கேட்கவில்லை என்று சொன்னால் மருந்து கொடுத்தவரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பது அவருடைய கணக்கு. வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. இந்த மலரைப் படிக்கிற உங்களுக்கு விளங்கும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் நீங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு நாள் என்னால் தாங்க முடியவில்லை. அக்கா வழக்கம்போலப் “பரவாயில்லைங்க” என்றதும், “இல்லீங்க டாக்டர்” என்று குறுக்கே விழுந்தேன். “அக்கா படுத்துத் தூங்கியே ரொம்ப நாளாச்சுங்க. தலகாணிய அடுக்கி வெச்சு உக்காந்துட்டேதான் தூங்கறாங்க. வாசல்ல கோலம் போட ஆரம்பிச்சா பாதியில எந்திரிச்சு நின்னுக்கறாங்க. இவீங்க சொல்றத எழுதாதீங்க.”

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். “அப்படீங்களாம்மா?”

அக்கா தரையைப் பார்த்தார்.

“சரி, அந்த மருந்த எப்படி இழுக்கறீங்கன்னு எனக்கு ஒருக்கா செஞ்சு காட்டுங்க.”

அக்கா பையிலிருந்து மருந்து இழுக்கிற பம்பை எடுத்தார். எழுந்தார். டாக்டருக்கும் எனக்கும் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். முந்தானையால் வாயை மூடி, துணிக்குள் பம்பை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி, மறுபடியும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பெரியவர்கள் முன்னால் வாயைத் திறந்து எதையும் வைத்துக்கொள்வது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர். வீட்டிலும், பள்ளிக்கூடத்திலும், எங்கே இருந்தாலும் அப்படித்தான் இழுத்து வந்திருக்கிறார். இத்தனை காலமும் மருந்தில் பெரும்பகுதி சேலைக்குத்தான் போயிருக்கிறது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. “நானும் இத்தன நாள் கேக்காம வுட்டுப்போட்டேனுங்க” என்றார். தன் நாற்காலியை அக்காவுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மூச்சுக் குழாய் உள்ளார வீங்கிக் கெடக்குதுங்கம்மா. இந்த நீல பம்பு குழாயச் சித்தெ நேரம் விரிச்சு உடும், அவ்ளோதான். வீக்கத்த அது ஒண்ணும் பண்ணாது. வீக்கத்தக் கொறைக்கறது இன்னொரு மருந்து. அத நல்லா இருக்கற நாள்லயும் இழுக்கோணும். நல்லா இருக்குதேன்னு நிறுத்துனா வீக்கம் மறுபடி வந்துரும். இழுத்தாப் பழகிப்போயிரும்னு யாராவது சொன்னாங்களா?”

“எல்லாரும் சொல்றாங்கங்க.”

“சொல்றவீங்க யாரும் உங்களுக்காக மூச்சு உட மாட்டாங்கம்மா.”

அங்கிருந்த நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் குடுவையைப் பம்போடு பொருத்தி, அதன் வழியாக மருந்தை மெதுவாக உள்ளே இழுத்து, மூச்சை அடக்கி வைத்துக்கொண்டு, பிறகு வாய் கொப்பளிக்கக் கற்றுக்கொடுத்தார். மூச்சின் வேகத்தை அளக்கிற ஒரு குழாயையும் கொடுத்து ஊதச் சொன்னார். அக்கா பூவை ஊதுகிற மாதிரி ஊதினார். எச்சில் தெறித்து நர்ஸ் மேல் படுமோ என்று பயம். “தெறிச்சாத் தெறிக்கட்டுங்கம்மா, தொடச்சுக்கறேன், பலங்கொண்ட மட்டும் ஊதுங்க” என்று அந்தப் பெண் சொன்ன பிறகுதான் அதிலிருந்த முள் நகர்ந்தது. அது நின்ற இடத்தைப் பார்த்து டாக்டரம்மாவின் முகம் மாறியது.

வெளியே வந்ததும் அக்கா என்மேல் எரிந்து விழுந்தார். “மருந்து குடுத்தவீங்க மூஞ்சிக்கு நேரா அப்படிச் சொல்லலாமா? அவீங்க மனசு என்னமா நோகும்? கோள் சொல்றதுக்குன்னே கூட வாரியா?” இதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு நடுவில் இரண்டு தரம் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அப்புறம் வெகு நாள் என்னோடு பேசவில்லை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் வருவார். ஆட்டோவில் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் பை. எனக்கும் அப்போது சமாதானம் பேசத் தெம்பு இல்லை. பேசாவிட்டால் என்ன, மருந்தை இழுத்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

இழுத்தார். ஒழுங்காக, முகத்தை மூடாமல், தினமும் இழுத்தார். எல்லாம் சரியாகியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஓரளவு குறைந்தது. ஆனாலும் மூச்சிழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பது நிற்கவில்லை. அப்போதுதான் டாக்டரம்மா விளக்கினார். ஆஸ்துமா அடங்காத பலருக்கு மருந்து தவறாகப் போவது, இடையில் நிறுத்துவது, புகை, தூசி என்று ஏதாவது காரணம் இருக்கும். அதையெல்லாம் சரி செய்தும் அடங்காமல் நிற்பதுதான் கடுமையான ஆஸ்துமா. அக்காவுக்கு இருந்தது அது. நாங்கள் முதலிலேயே உள்ளதைச் சொல்லியிருந்தால் இதைப் பல வருடம் முன்பே கண்டுபிடித்திருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எங்களுக்குப் புரிந்தது.

இரத்தப் பரிசோதனையில் ஒருவகை அணுக்கள் அதிகமாக இருப்பது தெரிந்தது. அந்த அணுக்களை அடக்குகிற புது வகை ஊசி ஒன்று உண்டு, மாதம் ஒரு முறை போட வேண்டும் என்றார்கள். விலையைக் கேட்டதும் மாமா தண்ணீர் வாங்கிக் குடித்தார். அதற்குள் சுகன்யா படித்து வேலைக்குப் போயிருந்தாள். “அம்மாவுக்குப் போடுங்க” என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

அந்த ஊசிக்குப் பிறகு அக்காவுக்குக் கொஞ்ச காலம் நல்ல மூச்சு கிடைத்தது. முகத்தை வீங்க வைத்த மாத்திரையைக் குறைக்க முடிந்தது. அந்த மாத்திரை ஏற்கெனவே சர்க்கரையைக் கொண்டுவந்து எலும்பையும் தேய்த்திருந்தது, அது திரும்பவில்லை. ஆனால் படுத்துத் தூங்கினார். என்னோடு பேசவும் ஆரம்பித்தார். ஆனைமலை மாசாணியம்மனைப் பார்க்கப் போனோம். அங்கே அநியாயத்துக்கு ஆளானவர்கள் அம்மனிடம் நீதி கேட்டு மிளகாய் அரைத்துப் பூசுவது உங்களுக்குத் தெரியும். நெடி ஆகாது என்று அக்கா தள்ளியே நின்றார். “நான் போயி அரைச்சுட்டு வரட்டுமாக்கா, உன்ற சீக்குக்கு?” என்றேன். “யாரு மேலன்னு சொல்லி அரைப்ப கண்ணு? வெறகடுப்பு மேலயா, என்ற வாயி மேலயா?” என்று சிரித்தார். சிரித்தும் அவருக்கு இருமல் வரவில்லை. அந்த நாள் எனக்குப் போதும்.

சுகன்யாவுக்கும் சின்ன வயதிலிருந்தே மூச்சுத் தொந்தரவு உண்டு. அம்மாவுக்கு இருந்த அளவு இல்லை, மருந்தில் அடங்கி இருக்கிறது. அவளுக்குப் பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பையன் அங்கே கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார், நல்ல குடும்பம். பார்க்க வருகிற அன்று மருந்துப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் பேசி வைத்தோம். அவளுடைய பம்பைப் பீரோவில் வைத்துப் பூட்டியது மாமா. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வந்தார்கள். பலகாரம் வைத்து, காபி கொடுத்து, பேச்சு நன்றாகவே போயிற்று. பையனின் அம்மா மரியாதைக்காக அக்காவிடம், “உங்களுக்கு ஒடம்பெல்லாம் நல்லா இருக்குதுங்களா?” என்று கேட்டார். அக்கா என்ன சொல்வார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் காபி டம்ளரை எடுக்கக் குனிந்துவிட்டேன்.

“இல்லீங்க” என்றார் அக்கா. “எனக்கு ஆஸ்துமாங்க. கடுமையாவே இருக்குது, மாசாமாசம் ஊசி போட்டுக்கறனுங்க. என்ற பொண்ணுக்கும் கொஞ்சம் இருக்குதுங்க. தெனமும் மருந்து இழுக்கறா, அதனால நல்லா இருக்கறா. எங்க ஊட்ல என்ற சீக்க மறைச்சுத்தானுங்க கல்யாணம் பண்ணுனாங்க. இவளுக்கு அப்படி வேண்டாம்னு பாக்கறேன்.” பிறகு மாமாவைப் பார்த்து, “ஏனுங்க, அந்த பீரோச் சாவியக் குடுங்க. அவ இன்னும் மருந்து இழுக்கல” என்றார்.

சுகன்யா எல்லோர் முன்னாலும் உட்கார்ந்தபடியே மருந்தை இழுத்தாள்.

வந்தவர்கள் பதறவில்லை. நம் பக்கத்து மனிதர்கள் அல்லவா. “அதுக்கென்னங்க, பரவாயில்லைங்க. இந்தக் காலத்துல யாருக்குங்க இல்ல” என்றார்கள். மிச்சமிருந்த பலகாரத்தையும் மரியாதையாகச் சாப்பிட்டு முடித்தார்கள். “போயிட்டு வாரோமுங்க” என்று கும்பிட்டுக் கிளம்பினார்கள். அதன் பிறகு ஒரு போன்கூட வரவில்லை.

மாமாவுக்குக் கோபம். எனக்கும்தான். “இத்தன வருசம் டாக்டர்கிட்டச் சொல்லாத உண்மைய இவீங்ககிட்டயா சொல்லோணும்?” என்று கேட்டுவிட்டேன். அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “அவீங்க ஊட்டுக்குப் போயி செவுத்தப் பாத்து நின்னுட்டு மருந்து இழுக்கறதுக்கு, இவ இங்கயே நேராப் பாத்து இழுக்கட்டும் அம்மணி.” தட்டுகளை வாங்கிக் கழுவப் போனேன்.

அடுத்த பனிக்காலத்தில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல். அக்காவுக்கும் ஒட்டிக்கொண்டது. இந்த முறை அவர் மறைக்கவில்லை. காய்ச்சல் கண்ட அன்றே எனக்குப் போன் செய்து, “நெஞ்சு சரியில்ல கண்ணு, கூட்டிட்டுப் போ” என்றார். டாக்டரம்மாவிடமும் எங்கே வலிக்கிறது, எத்தனை முறை பம்பை அழுத்தினார் என்று எல்லாவற்றையும் நேராகச் சொன்னார். நேரத்துக்குச் சொன்னார், நேரத்துக்குச் சேர்த்தோம், ஆஸ்பத்திரியில் எல்லாமும் செய்தார்கள். இருந்தும் நுரையீரலில் சளிக் காய்ச்சல் இறங்கிவிட்டது. பல வருட வீக்கத்தில் மூச்சுக் குழாய்கள் தடித்து இறுகிப்போயிருந்தன, தாங்கவில்லை என்றார்கள். உண்மையைச் சொன்னால் உடனே பலன் கிடைக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். அக்கா சொல்ல ஆரம்பித்தபோது மருந்து நெஞ்சுக்குக் கேட்கிற காலம் கடந்திருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் போன பிறகு வெகு நாள் நான் தூங்கிக்கொண்டே இருந்தேன். துக்கம் என்று எல்லோரும் சொன்னீர்கள். துக்கம்தான், ஆனால் களைப்பும்தான். யாருடைய மூச்சையும் காதில் வாங்காமல் தூங்குவது எனக்கு அதுதான் முதல் முறை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. கேட்கிற கேள்வியையே மாற்றிக்கொண்ட டாக்டரம்மாவுக்கும், எச்சிலுக்கு முகம் சுளிக்காத நர்ஸுக்கும் நன்றி. அக்காவைத் தாளிப்பு நேரத்தில் வெளியே அனுப்பிவிட்டுத் தாங்களே கரண்டி பிடித்த சத்துணவுக் கூடத்துப் பெண்களுக்கும், எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்த எங்கள் தெரு ஆட்டோக்காரருக்கும் நன்றி. எதிர் வீட்டு அம்மா நாங்கள் கேட்காமலே வாசலில் குப்பை எரிப்பதை நிறுத்தினார். அவருக்குத் தனியாக நன்றி. என் பங்குக்கும் சேர்த்து அழுத மாமாவுக்கு நான் என்ன நன்றி சொல்வது? அவரைப் பார்த்துக்கொள்கிறோம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. வருடத் திதியன்று வீட்டில் சாம்பிராணிப் புகை போடப் போவதில்லை, ஊதுபத்தியும் ஏற்றப் போவதில்லை. முறை தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வாசலில் உங்களை வரவேற்க சுகன்யா நிற்பாள். எப்படி இருக்கிறாய் கண்ணு என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்பது நம் வழக்கம். அவள் உள்ளது உள்ளபடி சொல்வாள். பனிக்காலத்தில் அவளுக்கும் தொந்தரவு கூடும், நடுவில் மூச்சு வாங்க நிறுத்துவாள், கொஞ்சம் நேரமாகும். உள்ளே போக அவசரப்படாமல், அவள் சொல்லி முடிக்கும்வரை நின்று கேளுங்கள்.